லைசென்ஸ் படிவத்தில் ஒரு கேள்வி

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அங்கே மட்டுமல்ல, மதுரையைச் சுற்றியுள்ள எந்த ஊரின் கம்ப்யூட்டர் சென்டரிலும் இன்று காலைகூட இந்தக் காட்சி நடந்திருக்கலாம்.

பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. எல்.எல்.ஆர். போட வந்திருக்கிறான். ஆதாரோடு இணைத்த போன் நம்பர் அம்மாவுடையது என்பதால், ஓ.டி.பி. சொல்ல அம்மாவும் கூட வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே போகிறார். பெயர், அப்பா பெயர், முகவரி, ரத்தப் பிரிவு, உடம்பில் அடையாளம்.

“விபத்துல ஏதாவது ஆச்சுன்னா உடல் உறுப்பு தானம் பண்ணச் சம்மதமான்னு கேக்குது. யெஸ்ஸா, நோவா தம்பி?”

பையன் அம்மாவைப் பார்க்கிறான். அம்மாவின் முகம் மாறிவிடுகிறது.

“ஏம்மா, புள்ள இன்னிக்குத்தான் வண்டி ஓட்டவே எழுதிக் குடுக்குறான். வாயில நல்ல வார்த்தை வராதா? அதெல்லாம் வேணாம்னு போடு.”

“நான் கேக்கலக்கா, கவர்மென்டு கேக்குது” என்று சிரித்தபடி அந்தப் பெண் ‘நோ’வைத் தட்டுகிறார். அடுத்த பக்கம் திறக்கிறது. மொத்தம் பத்து விநாடிகூட ஆகவில்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையைப் பெற்ற எவருக்கும் அந்தக் கேள்வி நெஞ்சில் சுருக்கென்றுதான் தைக்கும். ஆனால் அந்தப் பத்து விநாடியில் கடந்துபோனது என்ன என்பதை, நிதானமான ஒரு நேரத்தில் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வி எங்கே இருக்கிறது?

ஓட்டுநர் உரிமத்துக்கான விண்ணப்பம் ‘படிவம் 2’. புதிதாக எடுப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் இதே படிவம்தான். மத்திய அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் இதை நிரப்பும்போது, விபத்தில் மரணம் நேர்ந்தால் உறுப்புகளைத் தானம் செய்ய விருப்பமா என்று ஒரு வரி வரும். ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். கட்டாயம் எதுவும் இல்லை. ‘இல்லை’ என்று சொன்னால் லைசென்ஸ் கிடைக்காமல் போகாது.

நாடு முழுவதும் ஒரே மாதிரியாக 2019-ஆம் ஆண்டு முதல் வந்த புதிய லைசென்ஸ் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் ரத்தப் பிரிவு இருக்கும். அதோடு, உறுப்பு தானம் செய்பவரா என்ற வரியும் இருக்கும். பலருடைய அட்டையில் அந்த வரி இருப்பது அவர்களுக்கே தெரியாது.

வண்டிப் படிவத்தில் ஏன் இதைக் கேட்க வேண்டும்? காரணம் எளிமையானது. வயதுக்கு வந்த கோடிக்கணக்கானவர்கள், நல்ல ஆரோக்கியத்தோடு, எந்தப் பதற்றமும் இல்லாமல், தங்கள் கையால் நிரப்பும் அரசுப் படிவங்கள் மிகக் குறைவு. லைசென்ஸ் படிவம் அவற்றில் ஒன்று. உறுப்பு தானத்துக்கென்று தனியாக ஒரு படிவத்தைத் தேடிப்போய் நிரப்புகிறவர்கள் நூற்றில் எத்தனை பேர்? லைசென்ஸுக்கு எல்லோரும் வந்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் இது பல பத்தாண்டுகளாக நடைமுறை. அங்கே உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருப்பவர்கள் ஏறக்குறைய 17 கோடிப் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் லைசென்ஸ் அலுவலகத்தில்தான் பதிவு செய்தார்கள். லைசென்ஸ் அட்டையில் ஒரு சின்ன இதயப் படமோ ‘தானம் செய்பவர்’ என்ற சொல்லோ இருக்கும்.

அபசகுனமா இது?

வண்டி எடுக்கும் நேரத்தில் சாவைப் பற்றிப் பேசலாமா என்பதுதான் பலருடைய முதல் தடை. ஆனால் வண்டிக் காகிதங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். அவை ஏற்கெனவே சாவைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

புது பைக் வாங்கும்போது இன்ஷூரன்ஸ் போடுகிறோம். அதில் வண்டியின் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. அதற்கு நாமினி யார் என்று ஷோரூமில் கேட்கிறார்கள். மனைவி பெயரையோ அம்மா பெயரையோ சட்டென்று சொல்லிவிடுகிறோம். 2021-இல் இருந்து வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் நாமினியைச் சேர்க்கலாம். உரிமையாளர் இறந்துபோனால் வண்டி யார் பெயருக்கு மாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் யாரும் முகம் சுளிப்பதில்லை. தனக்குப் பிறகு பணம் யாருக்கு, வண்டி யாருக்கு என்று எழுதிவைக்கிறோம். கண்ணும் சிறுநீரகமும் யாருக்காவது போகட்டுமா என்ற கேள்விக்கு மட்டும் ‘வாயில நல்ல வார்த்தை வராதா’ என்கிறோம்.

நாமினி பெயரை எழுதியதால் யாருக்கும் விபத்து நடந்துவிடவில்லை. ரத்தப் பிரிவு எழுதியதால் யாரும் ரத்தம் சிந்தவில்லை. இதுவும் அப்படித்தான்.

காத்திருப்பவர்கள் யார்?

2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சாலைகளில் மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர். இந்தியா முழுவதும் 1,68,491 பேர். இவர்கள் எல்லோருமே உறுப்பு தானம் செய்யும் நிலையில் இருந்தவர்கள் அல்ல. சம்பவ இடத்திலேயே இறந்தவரின் இதயத்தையோ கல்லீரலையோ எடுக்க முடியாது. தலையில் அடிபட்டு, மருத்துவமனைக்கு வந்து, சிகிச்சை பலனளிக்காமல் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து மட்டுமே இந்த உறுப்புகளைப் பெற முடியும்.

அப்படித் தானம் செய்தவர்கள் எத்தனை பேர்? 2024-இல் இந்தியா முழுவதும் சேர்த்து 1,100-க்குச் சற்று மேல். அதில் 268 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நாட்டிலேயே அதிகம் இங்கேதான். பெருமைப்படலாம். ஆனால் 140 கோடிப் பேர் வாழும் நாட்டில், பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை என்பதுதான் கணக்கு. ஸ்பெயினில் அதே பத்து லட்சம் பேருக்கு ஏறக்குறைய 50 பேர்.

இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவது யார் தெரியுமா? வீட்டுப் பெண்கள்.

இறந்தவர்களிடமிருந்து கிடைக்காதபோது, உயிரோடு இருப்பவர்தான் ஒரு சிறுநீரகத்தையோ கல்லீரலில் ஒரு பகுதியையோ கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் நடக்கும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி நடப்பவைதான். 2023-இல் உயிரோடு இருக்கும்போதே தானம் செய்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். மகனுக்காக அம்மா, கணவனுக்காக மனைவி, தம்பிக்காக அக்கா. ஆனால் உறுப்புகளைப் பெறுகிறவர்களில் ஆண்களே அதிகம். ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் செயலிழந்தால், அவருக்குக் கொடுக்க வீட்டில் ஆள் கிடைப்பது அரிது. அவர் டயாலிசிஸ் கட்டிலில் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை படுத்தபடி, இறந்த ஒருவரின் குடும்பம் சம்மதிப்பதற்காகக் காத்திருக்கிறார்.

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உறுப்புகளால் எட்டு பேர் வரை பிழைக்க வழியுண்டு. இதயம், இரண்டு நுரையீரல்கள், கல்லீரல், இரண்டு சிறுநீரகங்கள், கணையம், குடல். இவை தவிர கருவிழிகள், தோல், எலும்பு, இதய வால்வு.

மூளைச்சாவு என்றால்?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். கோமாவும் மூளைச்சாவும் ஒன்றல்ல. கோமாவில் இருப்பவரின் மூளை உயிரோடு இருக்கிறது. அவர் கண் விழிக்க வாய்ப்பு உண்டு. மூளைச்சாவில் மூளைத்தண்டு நிரந்தரமாகச் செயலிழந்துவிடுகிறது. தானாக மூச்சுவிட முடியாது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்கும். இதயத்துக்குத் தனியாகத் துடிக்கும் இயல்பு இருப்பதால், சில மணி நேரமோ சில நாள்களோ அது துடித்துக்கொண்டிருக்கும். உடம்பு சூடாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு, தூங்குவது போலத்தான் தெரியும். ஆனால் சட்டப்படியும் மருத்துவப்படியும் அது மரணம். அங்கிருந்து யாரும் திரும்பி வருவதில்லை.

இதை ஒரே ஒரு மருத்துவர் சொல்லிவிட முடியாது. 1994-இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு உறுதிசெய்ய வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். வென்டிலேட்டரை விலக்கினால் தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும் அந்தச் சோதனைகளில் ஒன்று. உறுப்பைப் பொருத்தப்போகும் மருத்துவர்கள் யாரும் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது.

“தானம் செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், காப்பாற்ற முயற்சி செய்யாமல் விட்டுவிடுவார்களோ?” என்று சிலர் பயப்படுவதுண்டு. அடிபட்டு வருகிறவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு, பாக்கெட்டில் இருக்கும் லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை. உயிரைக் காப்பாற்றுவதுதான் அவர் வேலை. எல்லாம் கைமீறி, மூளைச்சாவு உறுதியான பிறகுதான் தானம் என்ற பேச்சே வரும்.

2008, செப்டம்பர்

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது ஒரு பையனின் பெயர். ஹிதேந்திரன். 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில், சாலை விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்த பள்ளி மாணவன். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். தங்கள் மகன் இனி வரமாட்டான் என்பது மற்ற எவரையும்விட அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

சென்னைப் போக்குவரத்து போலீஸார் சாலையைத் திறந்துவைத்தார்கள். தேனாம்பேட்டைப் பக்கத்திலிருந்து முகப்பேர் மருத்துவமனைக்கு அந்த இதயம் 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்து அழாதவர்கள் குறைவு. பின்னாளில் ‘சென்னையில் ஒரு நாள்’ படம் பார்த்தவர்களுக்கும் இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

அதே ஆண்டில்தான், இறந்தவர்களின் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. இன்று அதை நடத்துவது ‘டிரான்ஸ்டான்’ எனப்படும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். ஆண்டுதோறும் செப்டம்பர் 23-ஆம் தேதியைத் தமிழ்நாடு உறுப்பு தான தினமாகக் கடைப்பிடிக்கிறது.

2023-இல் அதே செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடத்தப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே அந்த மரியாதையைப் பெற்ற முதல் மனிதர், தேனி மாவட்டம் சின்னமனூரைச் சேர்ந்த வருவாய்த் துறை ஊழியர். அவரும் சாலை விபத்தில் சிக்கியவர்தான். அதன் பிறகு கிராமங்களிலும் இந்தக் காட்சியைப் பார்க்க முடிகிறது. அரசு அதிகாரிகள் மாலையோடு வந்து நிற்க, தெருவே கூடி வழியனுப்புகிறது. ‘உடம்பை அறுத்துக் கொடுத்துட்டாங்களே’ என்று ஒருகாலத்தில் காதுபடப் பேசிய ஊர், இப்போது கைகூப்பி நிற்கிறது. இந்த மாற்றம் சாதாரணமானதல்ல.

ஹிதேந்திரன் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவனுக்கு லைசென்ஸ் எடுக்கும் வயதே ஆகியிருக்கவில்லை. எந்தப் படிவத்திலும் அவன் ‘ஆம்’ என்று சொல்லியிருக்க முடியாது. முடிவெடுத்தது பெற்றோர்.

டிக் போட்டால் போதுமா?

போதாது. இந்தக் கேள்வியின் முக்கியமான பகுதி இதுதான்.

அமெரிக்காவில் வயதுக்கு வந்த ஒருவர் லைசென்ஸ் அலுவலகத்தில் ‘சம்மதம்’ என்று பதிவு செய்துவிட்டால், சட்டப்படி அதுவே இறுதி. குடும்பத்தினர் அதை மாற்ற முடியாது. இந்தியாவில் நடைமுறை வேறு. நம் சட்டப்படி முறையான உறுதிமொழி என்பது ‘படிவம் 7’. அதில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். லைசென்ஸ் படிவத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் தட்டும் ‘ஆம்’ என்பதற்கு அப்படிச் சாட்சி யாரும் இல்லை.

படிவம் 7 இருந்தாலும்கூட, மருத்துவமனையில் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் யாரும் உறுப்பை எடுப்பதில்லை. மனைவியோ, கணவரோ, அம்மாவோ, அப்பாவோ, பிள்ளைகளோ கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

இப்போது அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஐ.சி.யூ.வுக்கு வெளியே, இரண்டு நாளாகச் சாப்பிடாமல் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மா. ஊரிலிருந்து வந்து குவிந்திருக்கும் சொந்தங்கள். ஆளுக்கொரு யோசனை. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் மெதுவாக அருகில் வந்து பேசுகிறார். அந்த அம்மாவின் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான். “அவன் இருந்தா என்ன சொல்லியிருப்பான்?”

பதில் தெரிந்திருந்தால், அந்த அம்மா முடிவெடுக்க வேண்டியதில்லை. மகன் எடுத்த முடிவை நிறைவேற்றினால் போதும். பதில் தெரியாவிட்டால், வாழ்க்கையிலேயே மிகக் கொடிய அந்த நேரத்தில், மிகப் பெரிய முடிவு அவர் தலையில் விழுகிறது. ‘சரி’ என்று சொன்னாலும் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும், செய்தது சரியா என்று காலம் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பார்.

லைசென்ஸ் படிவத்தின் அந்தக் கேள்விக்கு உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. அது வீட்டில் பேச்சைத் தொடங்கிவைக்க அரசு கொடுக்கும் ஒரு சாக்கு. காரணமில்லாமல் சாப்பாட்டு நேரத்தில் “நான் செத்துப்போனா...” என்று யாராலும் ஆரம்பிக்க முடியாது. “இன்னிக்கு லைசென்ஸ் போடப் போனேன்ல, அதுல ஒண்ணு கேட்டாங்கம்மா” என்று ஆரம்பிக்க முடியும்.

ஸ்பெயின் இதற்கு நல்ல உதாரணம். அங்கே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மறுப்புத் தெரிவிக்காத எல்லோரும் சம்மதித்தவர்களாகவே கருதப்படுவார்கள். இருந்தும் குடும்பத்தைக் கேட்காமல் அங்கே உறுப்பை எடுப்பதில்லை. உலகின் முன்வரிசையில் அந்த நாடு இருப்பதற்குச் சட்டத்தைவிட, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்றவர்களை அமர்த்தி, குடும்பங்களோடு பொறுமையாகப் பேசவைத்ததே காரணம் என்று சொல்கிறார்கள். 1989-இல் இதற்கென்று தனி அமைப்பு தொடங்கி, ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது. தாளில் விழும் டிக்கைவிட, நேருக்கு நேர் பேசும் பேச்சுக்கே அங்கேயும் மதிப்பு அதிகம்.

வீட்டில் எழும் கேள்விகள்

பேச்சைத் தொடங்கினால், அம்மாவும் பாட்டியும் சில கேள்விகளைக் கேட்பார்கள். பதில் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

*உடம்பைச் சிதைத்துவிடுவார்களே?*

அறுவை சிகிச்சை அரங்கில், மற்ற ஆபரேஷன்களைப் போலவே கவனமாக எடுத்துத் தையல் போட்டுத்தான் உடலை ஒப்படைப்பார்கள். ஒன்றை மறந்துவிடக் கூடாது. சாலை விபத்தில் இறந்தவர் என்றால், தானம் செய்தாலும் செய்யாவிட்டாலும் போஸ்ட்மார்ட்டம் உண்டு. உடலில் கத்தி படவே கூடாது என்பதற்காகத் தானத்தை மறுப்பதில் அங்கே பொருளில்லை. பொழுது சாய்ந்த பிறகும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதி கொடுத்துவிட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் உறுப்பு தானமும் ஒன்று. உடல் கிடைக்கும் நேரம் அதனால் குறைகிறது.

*செலவு நம் தலையில் விழுமா?*

உறுப்புகளை எடுக்கும் செலவைத் தானம் செய்யும் குடும்பத்திடம் கேட்கக் கூடாது. அதேபோல, கொடுத்ததற்குப் பணம் வாங்கவும் கூடாது. உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை பெறக்கூடிய குற்றம்.

*பணக்காரர்களுக்குத்தானே போகும்?*

யாருக்குப் போக வேண்டும் என்பதைக் குடும்பமும் முடிவு செய்யாது, பணமும் முடிவு செய்யாது. காத்திருப்போர் பட்டியல் டிரான்ஸ்டான் கையில் இருக்கிறது. ரத்தப் பிரிவு, காத்திருக்கும் காலம், நோயின் தீவிரம் போன்றவற்றைப் பார்த்து விதிமுறைப்படி ஒதுக்குகிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் உறுப்பு மாற்று சேர்க்கப்பட்டிருக்கிறது.

*எங்களுக்கு வயசாயிருச்சே?*

பதிவு செய்ய வயது வரம்பு இல்லை. உறுப்பு பெறுவதற்குப் பதிவு செய்ய முன்பு இருந்த 65 வயது வரம்பையும் 2023-இல் நீக்கிவிட்டார்கள். எந்த உறுப்பு பயன்படும் என்பதை அந்த நேரத்தில் மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கண் தானத்துக்கு மூளைச்சாவுகூடத் தேவையில்லை. வீட்டில் இயற்கையாக இறந்தவரின் கருவிழிகளையும் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கலாம். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோய் உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம்.

*பிறகு மனம் மாறினால்?*

எப்போது வேண்டுமானாலும் உறுதிமொழியைத் திரும்பப் பெறலாம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், லைசென்ஸ் எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ அந்த வரியைப் படியுங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பவர் தாமாகவே ஒரு பதிலைத் தட்டிவிட்டுப் போக விடாதீர்கள். ‘இல்லை’ என்பதுதான் உங்கள் பதில் என்றால், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, ‘நோட்டோ’ எனப்படும் தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இணையதளத்தில் ஆதார் மூலம் பதிவு செய்யலாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய வசதி இது. கையில் இருக்கும் போனிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். கட்டணம் கிடையாது. உறுதிமொழி அட்டையையும் இறக்கிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1800 11 4770 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். அம்மா, அப்பா, கணவர், மனைவி, அண்ணன், அக்கா என்று நாளைக்கு மருத்துவமனையில் யாரிடம் கேட்பார்களோ அவர்களிடம் சொல்லுங்கள். ஒருவரிடம் மட்டும் சொன்னால், மற்றவர்கள் அவரைக் குற்றவாளியாக்கிவிடக்கூடும். எல்லோரும் இருக்கும்போது சொல்வது நல்லது. அவர்களுடைய விருப்பம் என்ன என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இப்போது லைசென்ஸ் அட்டை ஸ்பீட் போஸ்ட்டில் வீட்டுக்கே வருகிறது. தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும் அந்தக் கவரைப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்தான் வாங்குகிறார். முதலில் போட்டோவைப் பார்த்துவிட்டு, ‘என்னடா இப்படி இருக்க’ என்று சிரிப்பார்கள். ரத்தப் பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வரியையும் அவர்களிடம் காட்டலாம்.

திருவாதவூருக்கு இன்னொரு பெருமையும் சொல்வார்கள். சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊர் அது என்பது மரபு. கபிலரின் நண்பர் பாரி வள்ளல், பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே விட்டுவிட்டு வந்தவர். அந்தக் காலத்தின் வண்டி அது. தனக்கு இனி அது வேண்டும் என்று தெரிந்தும் கொடுத்தார் பாரி. இங்கே கேட்கப்படுவது, இனித் தனக்கு எந்தப் பயனும் இல்லாத ஒன்று.

அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கே திரும்பிப் போவோம். எல்.எல்.ஆர். முடிந்து, பழகி, எட்டுப் போட்டுக் காட்டி, பையன் நிரந்தர லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க மறுபடி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை, முந்தின நாள் இரவே வீட்டில் பேசியாகிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிதான், “கண்ணு தெரியாதவங்களுக்குக் குடுப்பாங்கன்னா நல்லதுதானேடா. என்னுதையும் எழுதிக்க” என்றார். அம்மா மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

“உறுப்பு தானம் யெஸ்ஸா, நோவா தம்பி?”

பையன் அம்மாவைப் பார்க்கிறான். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார். பிறகு அந்தப் பெண்ணிடம், “அவன் என்ன சொல்றானோ அதையே போடும்மா” என்கிறார்.

வெளியே வந்து பையன் வண்டியைக் கிளப்பும்போது, பின்னால் உட்கார்ந்த அம்மா அவன் தோளைத் தட்டுகிறார்.

“மொதல்ல ஹெல்மெட்ட மாட்டுய்யா.”